கதவைத் தட்டி வந்த புனிதர்
புனித யோசேவ் வாஸ் அடிகளார் (1651 – 1711)

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரிலே, எமது அதிபர்கள், அருட்சகோதரிகள், ஆசிரியைகள் ஆகியோரின் வரலாறுகளை வாசகர்கள் மற்றைய பக்கங்களில் காண்பார்கள். அவர்களோடு, எமது பாடசாலை வாசலை ஒருநாளும் மிதிக்காத ஒருவருடைய வாழ்வையும் சேர்க்க வேண்டும் என்று மலர்க்குழுவிடம் நாங்கள் கேட்டோம். அவர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. கோவாவிலே பிறந்தவர், கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழையும் சிங்களத்தையும் கற்று இந்த மண்ணிலேயே உழைத்து இந்த மண்ணிலேயே அடங்கியவர். இலங்கையின் அப்போஸ்தலர் என்று கத்தோலிக்க மக்கள் போற்றும் புனித யோசேவ் வாஸ் அடிகளாரே அவர்.

சிறுமிகளாக இருந்தபோது எமக்குத் தெரிந்த அடிகளார், சமய பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு படம் மாத்திரமே. மெலிந்த உடல், வெறுங்கால், கையிலே ஒரு சிலுவை. சோதனைக்காக அவரது வாழ்வின் ஆண்டுகளை மனப்பாடம் செய்தோம். சோதனை முடிந்ததும் மறந்தோம். பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட இந்த வயதில் அவரை மீண்டும் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்வோம். முதலில் அவரது வாழ்வைச் சொல்லிவிடுகிறோம்.

கோவாவில்

1651 ஏப்ரல் 21ஆம் திகதி, கோவாவின் தென்பகுதியில் உள்ள பெனாலிம் என்னும் ஊரில் யோசேவ் வாஸ் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ். தாயார் மரியா டி மிறண்டா. பிராமண குலத்திலிருந்து கத்தோலிக்கத்தைத் தழுவிய குடும்பம் அது. தந்தையாரின் ஊராகிய சன்கோலேயில் போர்த்துக்கேய மொழியையும், பெனாலிமில் இலத்தீனையும் கற்றார். பின்னர் கோவா நகரில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 1676ஆம் ஆண்டு குருவாக அபிஷேகம் பெற்றார்.

அக்காலத்தில் ஒரு குரு கோவாவிலேயே சுகமாக வாழ்ந்திருக்கலாம். பெரிய கோயில்கள், நல்ல குடும்பங்கள், மதிப்பு மரியாதை எல்லாம் அங்கே இருந்தன. அடிகளார் வேறொன்றைத் தேடினார். 1677 ஓகஸ்ட் 5ஆம் திகதி, சன்கோலேக் கோயிலிலே, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். பக்தி மிகுதியில் எழுதிய வெறும் ஏடு அதுவென்று எவரேனும் நினைத்திருந்தால், பத்தே ஆண்டுகளில் அது நடைமுறைக்கு வந்ததைக் கண்டு வியந்திருப்பர். அடிமையாகவே, கூலியாளின் உடையிலேயே, அவர் எமது நாட்டின் கரையில் இறங்கினார்.

அதற்கு முன்னர் 1681 முதல் 1684 வரை, மங்களூர் உள்ளிட்ட கனராக் கரையோரத்தில் பணியாற்றினார். கோவாவுக்குத் திரும்பியதும், அற்புதச் சிலுவைக் கோயிலில் ஒன்றுகூடி வாழ்ந்த சில உள்ளூர்க் குருக்களோடு 1685இல் இணைந்தார். புனித பிலிப்பு நேரியின் ஒறட்டோரியன் ஒழுங்கைத் தழுவிய அச்சபைக்கு அவரே தலைவராகவும் தெரியப்பட்டார். ஆனால் அவரது மனம் இலங்கையிலே இருந்தது.

மூடிய கதவுகள்

இலங்கையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் அவரது வருகையின் பொருள் விளங்காது.

1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரின் கையிலிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறின. புதிய ஆட்சியாளரும் கிறிஸ்தவர்களே; ஆனால் கல்வினின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டுக்கும் பாடசாலைக்கும் எடுக்கப்பட்டன. ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இல் கட்டளை பிறந்தது.

இந்தக் கட்டளையை நாங்கள் மீண்டும் மீண்டும் படித்தோம். அது குருவை மாத்திரம் குறிவைக்கவில்லை. கதவைத் திறப்பவரையும் குறிவைத்தது. பாய் விரிப்பவளுக்கும், சோறு போடுபவளுக்கும், வந்தவர் யார் என்று அயலாருக்குச் சொல்லாமல் இருப்பவளுக்கும் அது பொருந்தியது. விருந்தோம்பலையே குற்றமாக்கிய சட்டம் அது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. அப்போது பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, தாமும் பிள்ளைகளைப் பெற்று, ஒரு குருவின் முகத்தையும் காணாமல் வாழ்ந்தார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனதாகவும், அச்சொரூபமே இன்று மடுவில் இருப்பதாகவும் எமது முன்னோர் சொல்லி வந்திருக்கின்றனர். ஏனையோர் வீட்டுக்குள்ளே, விளக்கைத் தணித்துவிட்டுச் செபமாலை சொன்னார்கள். கோயில் இல்லாதபோது விசுவாசம் அடுப்படியில் காப்பாற்றப்பட்டது. அந்த முப்பது ஆண்டுகளின் பெரும்பங்கு பெண்களுடையதே என்று நாங்கள் நம்புகிறோம்.

கூலியாளாக வந்தவர்

இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்ற அடிகளார், சபைத் தலைமையை விட்டு, 1686இல் கோவாவிலிருந்து புறப்பட்டார். யோன் என்னும் பணியாள் ஒருவன் இறுதிவரை கூடவே வந்தான். தூத்துக்குடியை அடைந்து, குருவின் உடையைக் களைந்து, கூலியாளின் துணியைச் சுற்றிக்கொண்டு, 1687இல் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு எவரையும் தெரியாது. பசியும் பயணமும் வாட்டியதால் கடுமையான வயிற்றுளைச்சல் கண்டது. தொற்றுநோய் என்று அஞ்சி ஊரார் இருவரையும் ஒதுக்குப்புறத்தில் விட்டுவிட்டதாகவும், அங்கே ஓர் ஏழைப் பெண் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவர்களைப் பிழைக்க வைத்ததாகவும் வரலாற்றுப் பாரம்பரியம் கூறுகிறது. அப்பெண் எந்தச் சமயத்தவள் என்பதை அந்தப் பாரம்பரியம் பொருட்படுத்தவில்லை. அவளும் வந்தவரின் சமயத்தைக் கேட்டுக்கொண்டு கஞ்சி காய்ச்சவில்லை.

உடல் தேறியதும் அடிகளார் வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். கழுத்திலே ஒரு செபமாலை தொங்கியது. அதைக் கண்டு முகம் மாறுபவர் யார், கண் கலங்குபவர் யார் என்று கவனித்தார். சட்டத்துக்கு அஞ்சிய ஊரில், கத்தோலிக்கர் தம்மைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஒரு பிச்சைக்காரனை நம்பி உண்மையைச் சொல்லவும் மாட்டார்கள். சிறிது சிறிதாகவே நம்பிக்கை பிறந்தது. ஒரு நாள் ஒரு வீட்டார், வாசலில் நிற்பவர் தாங்கள் முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த குருவே என்பதை அறிந்துகொண்டார்கள்.

உயிர்த்த ஞாயிறன்று மாலை எம்மாவுஸ் ஊருக்குப் போன இரு சீடரின் கதை எமக்கெல்லாம் தெரியும். வழியிலே கூடநடந்த அந்நியரை அவர்கள் அடையாளம் காணவில்லை. பொழுது சாய்ந்தபோது, எம்மோடு தங்கும் என்று வற்புறுத்தி அழைத்தார்கள். பந்தியிலே அவர் அப்பம் பிட்டபோதுதான், உயிர்த்த ஆண்டவர் அவர் என்பதைக் கண்டுகொண்டார்கள். கண்கள் திறந்தது பிறகு. கதவு திறந்தது முதலில். அந்த அந்நியரை அவர் வழியே போக விட்டிருந்தால் அந்தச் சீடர் இருவரும் உயிர்ப்பை அறியாமலே உறங்கியிருப்பார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் நடந்ததும் இதுவே. செத்துப்போனதாகக் கம்பனி எண்ணியிருந்த திருச்சபை, ஒரு பிச்சைக்காரருக்கு வாசல் திறந்த வீட்டிலே உயிர்த்தெழுந்தது.

அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றார்கள். உறுதியான கத்தோலிக்கக் கிராமம் அது. பகலிலே ஒளிந்திருந்து, இரவிலே ஊர் ஊராகச் சென்று, இருளில் பூசை ஒப்புக்கொடுத்து, விடியுமுன் வேறிடம் போய்விடுவார். இவ்வாறு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

செய்தி ஒல்லாந்தரின் காதுக்கு எட்டியது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே, ஆணையாளர் வான் றீடின் கட்டளைப்படி படைவீரர் வீடுகளை வளைத்தனர். பூசைக்காகக் கூடியிருந்த சுமார் 300 பேர் பிடிபட்டனர். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டவர்களுள் முதன்மையான சிலர் கசையடி பட்டு விலங்கிடப்பட்டனர். சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்த ஒருவர் அந்த அடியிலேயே உயிர் துறந்தார். அடிகளார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்பதை எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருடைய வாழ்வைப் பற்றிப் பேசும்போது, அவருக்காக வாய் திறவாமல் அடிபட்ட இந்த மக்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

பௌத்த மன்னனின் நிழலில்

யாழ்ப்பாணத்தில் இனித் தங்க முடியாதென்ற நிலையில், கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்று சிறிதுகாலம் பணியாற்றினார். பின்னர் 1692இல் கண்டிக்குப் புறப்பட்டார். தலைநகரை எட்டியதும் போர்த்துக்கேயரின் உளவாளி என்று கோள் சொல்லப்பட்டு, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் கட்டளையால் சிறைவைக்கப்பட்டார். கோள் சொன்னவர் அரசவையிலிருந்த லானரோல் என்னும் பிரெஞ்சுக்காரர். அவரும் கிறிஸ்தவரே.

சிறையிருப்பை அடிகளார் பாடசாலையாக்கிக்கொண்டார். அங்கேயே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது சிறு குடிசை அமைத்துப் பீடம் ஒன்றை எழுப்பினார். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல சிதறிக் கிடந்தன; அவர்கள் ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள்.

அக்காலத்து வறட்சி ஒன்றைப் பற்றிய வரலாறு எல்லாரும் அறிந்ததே. மழை பொய்த்து நாடு வாடியபோது மன்னன் அடிகளாரிடமும் வேண்டுதல் செய்யக் கேட்டான். அவர் வெளியிலே ஒரு பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளில் நின்றார். மழை பொழிந்தது என்பது பாரம்பரியம். அதன்பின் மன்னன் அவரை விடுதலை செய்து, இராச்சியமெங்கும் போதிக்க அனுமதி கொடுத்தான். கிறிஸ்தவ ஆட்சியாளர் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னன் அடைக்கலம் கொடுத்தான் என்பது எமது நாட்டு வரலாற்றில் மறக்கக்கூடாத பக்கம். சமயங்களுக்கிடையே பகை மூளும் ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பது நல்லது.

கிடைத்த சுதந்திரத்தை அடிகளார் ஓய்வுக்குப் பயன்படுத்தவில்லை. கண்டியிலிருந்து இறங்கி, ஒல்லாந்தரின் கோட்டை நகராகிய கொழும்புக்கே வேடமிட்டு வந்து கத்தோலிக்கரைச் சந்தித்தார். மலையிலிருந்து இறங்கிவரும் களனி கங்கையின் கரையிலே வாழும் எமக்கு இந்த வரி தனியான மகிழ்ச்சி தருகிறது. இன்று கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் வத்தளையிலும் மணி ஒலிக்கும்போது, எமது பாட்டன் பாட்டிமாரின் பாட்டன் பாட்டிமார், மணி ஒலிக்காமல், சத்தமில்லாமல், இந்த மனிதருக்குக் கதவு திறந்ததை நினைத்துக்கொள்கிறோம்.

வைசூரி ஆண்டு

1696இலும் 1697இலுமாகக் கோவாவிலிருந்து உதவிக் குருமார் வந்து சேர்ந்தார்கள். கொச்சி ஆயர் அடிகளாரை இலங்கைக்கான தமது பிரதிநிதிக் குருவாக நியமித்த செய்தியும் வந்தது. வந்தவர்களுள் ஒருவரான யோசேவ் கார்வால்யோ அடிகளார் கண்டியிலே அவரோடு இருந்தார். 1697இல் கண்டி நகரில் வைசூரி பரவியது.

அக்கால மக்களுக்கு வைசூரியைப் போல் அச்சம் தந்த நோய் வேறில்லை. மருந்து கிடையாது, தடுப்பூசி அறியப்படுவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. மன்னனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினார்கள். வசதி உள்ளவர்கள் தொடர்ந்தார்கள். அம்மை கண்டவரைக் காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. பெற்றவர்களே பிள்ளையை விட்டுப் போனார்கள். பிள்ளைகள் பெற்றவரை விட்டுப் போனார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. எஞ்சியிருக்கும் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்று நோயுற்ற பிள்ளையை விட்டுச் சென்ற தாயின் நெஞ்சு எவ்வளவு வெந்திருக்கும்!

அடிகளாரும் கார்வால்யோவும் போகவில்லை. ஆளற்ற வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினார்கள். காட்டோரத்தில் கிடந்தவர்களைத் தேடிச் சென்றார்கள். புண்களைக் கழுவினார்கள், உணவு ஊட்டினார்கள், படுக்கையைத் துப்புரவு செய்தார்கள். இறந்தவர்களைத் தம் கையாலேயே சுமந்து, குழி வெட்டி அடக்கம் செய்தார்கள். இதை ஒரு நாளோ ஒரு கிழமையோ செய்யவில்லை. ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுவதும் செய்தார்கள். அவர்கள் பார்த்தவர்களுள் பெரும்பாலானோர் பௌத்தர்கள். புண்ணைக் கழுவுமுன் எவரிடமும் சமயம் கேட்கப்படவில்லை.

நோய் தணிந்து மன்னன் நகருக்குத் திரும்பியபோது அடிகளாரைப் பற்றிப் புறங்கூறியவர்களின் வாய் அடங்கியிருந்தது. அவருக்குப் பூரண சுதந்திரம் கிடைத்தது. மழை வரலாற்றைக் கேட்டு வியப்பவர்கள் பலர் உண்டு. நாங்களோ இந்த ஓராண்டைத்தான் அவரது பெரிய அற்புதமாக எண்ணுகிறோம்.

ஏடும் எழுத்தும்

அடுத்த ஆண்டுகளில் அடிகளார் நாடெங்கும் கால்நடையாகச் சென்று, சிதறிய மக்களைச் சிறுசிறு சமூகங்களாகச் சேர்த்தார். ஒவ்வோர் ஊரிலும் மூப்பர், அண்ணாவியார் என்று பொதுநிலையினரிடமே பொறுப்புகளை ஒப்படைத்தார். குரு வராத மாதங்களிலும் கோயில் உயிரோடிருந்தது. மக்கள் தமது மொழியிலேயே செபிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். செபங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அமைத்துக் கொடுத்தார்.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். அவரது மொழித்திறனை உணர்ந்து, எழுத்துப் பணியில் ஊக்குவித்தவர் வாஸ் அடிகளாரே. கொன்சால்வெஸ் அடிகளார் பௌத்த பிக்குமாரிடம் சிங்கள இலக்கியம் கற்றார் என்பர். இரு மொழிகளிலும் அவர் எழுதிய நூல்கள் பல. பாடுகளின் நாட்களில் எமது கோயில்களில் இராகத்தோடு படிக்கப்பட்டு, எமது அம்மாமாரின் கண்களை நனைத்த வியாகுலப் பிரசங்கம் அவர் தமிழுக்குத் தந்த கொடை. வித்தியாலங்காரப் பிரிவெனாவை அயலாகக் கொண்ட பேலியகொடைப் பிள்ளைகளாகிய எமக்கு, ஒரு கத்தோலிக்கக் குரு ஒரு பிக்குவின் முன் ஏட்டோடு அமர்ந்திருக்கும் காட்சி அந்நியமானதல்ல.

பாப்பரசரின் தூதராக வந்த தே தூர்னோன் ஆண்டகை, அடிகளாரை இலங்கைக்கு ஆயர் நிலைக்கு உயர்த்த எண்ணியபோது அவர் அதை ஏற்க மறுத்தார். சாதாரண மறைபரப்பாளராகவே இருக்க விரும்பினார். 1707இல் விமலதர்மசூரிய மன்னன் காலமாக, மகன் நரேந்திரசிங்க மன்னனும் அவரை ஆதரித்தான். இடைவிடாத பயணத்தாலும் நோயாலும் தளர்ந்த அடிகளார், 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலே இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 59. தாயகத்தை விட்டு வந்த பின்னர் ஒருமுறையேனும் அவர் அங்கே திரும்பிப் போகவில்லை.

1995 ஜனவரி 21ஆம் திகதி, திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத் திடலிலே அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு முதல் நாள், அதே திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். முதல் நாள் இரவே பாயும் போர்வையும் கட்டிச்சோறுமாகத் திடலுக்குப் போய்க் கடற்காற்றிலே விழித்திருந்தவர்களுள் எமது சங்கத்தினரும் இருந்தோம். அன்று பிற்பகலிலேயே திருத்தந்தை மடுவுக்கும் சென்றார்.

நாங்கள் சொல்ல வேண்டியது

இனி, தொடக்கத்தில் சொல்வதாகக் கூறிய காரணம்.

அடிகளாரின் பிறந்தநாள் ஏப்ரல் 21. 2019இல் அதே நாள் உயிர்த்த ஞாயிறாக வந்தது. அன்று காலை கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் நடந்ததை இங்கே விவரிக்கத் தேவையில்லை. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களின் வீடுகளிலும் அன்று மரணம் நுழைந்தது. அடுத்து வந்த சங்கக் கூட்டத்துக்கு எமது முஸ்லிம் தோழியர் வரவில்லை. வருமாறு நாங்கள் சிலரை அழைத்தோம், பலரை அழைக்கவில்லை. அழைக்காததும் ஒரு கதவடைப்பே என்று அன்று எமக்குத் தோன்றவில்லை.

மறு ஆண்டு, 2020 ஒக்டோபரில், பேலியகொடை மத்திய மீன் சந்தையில் கொரோனாத் தொற்றுக் கொத்து வெளிப்பட்டது. ஒரே இரவில் எமது ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. வெள்ளவத்தையில் இருக்கும் உறவினர்கூடத் தொலைபேசியில் எட்ட நின்று பேசுவதுபோல் பேசினார்கள். ஊரார் எமக்குச் செய்ததைக் குறைகூற எமக்கு உரிமை இல்லை; நாங்களும் அதையே செய்தோம்.

எமது வகுப்புத் தோழி ஒருத்தியின் கணவர் மீன் சந்தையில் நாட்டாமையாக வேலை செய்தார். அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன பின், தோழியும் பிள்ளைகளும் வயதான தாயாரும் வீட்டுக்குள் அடைபட்டார்கள். வாசலிலே அறிவித்தல் ஒட்டப்பட்டது. அவள் எம்மில் சிலருக்குத் தொலைபேசி எடுத்தாள். அரிசியும், தாயாரின் நீரிழிவு மருந்தும், கேட்டதெல்லாம் இவ்வளவே. பார்த்துச் சொல்கிறோம் என்றோம். ஊரடங்கு இருந்தது உண்மை. ஆனால் எம்மில் இருவருடைய வீடுகள் அவளது ஒழுங்கையிலேயே இருந்தன. பார்த்துச் சொல்லவில்லை. இரண்டாம் முறை அழைப்பு வந்தபோது எடுக்கவும் இல்லை.

முன்வீட்டுச் சிங்கள அக்கா ஒருவர், விடிந்ததும் இலைக்கஞ்சி ஒரு பானையைக் கேற்றடியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிப் போவாராம். மருந்தும் அவர் மூலமாகவே வந்தது. பதினான்கு நாளும் அப்படியே நடந்தது. இதைத் தோழி பிறகு சொன்னபோது, எம்மைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சொல்லிச் சிரித்தாள். எமக்குத்தான் சிரிக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக் கஞ்சிக்காரியின் கதையை நாங்கள் ஐந்தாம் வகுப்பிலிருந்து அறிந்தவர்கள். அதைச் சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவர்கள்.

அதே மாதங்களில்தான், தொற்றால் இறந்தவர்களின் உடல்களை, சமய வழக்கம் எதுவாயினும் எரிக்க வேண்டும் என்ற கட்டளை நடைமுறையில் இருந்தது. எம்மோடு படித்த ஒரு முஸ்லிம் தோழியின் தந்தையாருக்கும் அதுவே நேர்ந்தது. 2021இல் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடமளிக்கப்படும் வரை அவளைப் போன்றவர்கள் பட்ட வேதனைக்கு நாங்கள் ஆறுதல் சொல்லவும் போகவில்லை. கண்டியிலே, தம் சமயத்தவர் அல்லாதவர்களுக்குக் குழி வெட்டிய ஒருவரைப் பீடத்தில் வைத்து வணங்குகிறவர்கள் நாங்கள்.

ஆகவேதான் அவரது வாழ்வை மீண்டும் படித்தோம். புனிதர்கள் எம்மைவிட வேறான மண்ணால் ஆனவர்கள் என்று எண்ணிக்கொள்வது சுலபம். ஆனால் வாஸ் அடிகளாரின் வாழ்வு அப்படித் தப்பிக்க எம்மை விடவில்லை. அவர் புனிதராவதற்கு முன் நோயாளியாகக் கிடந்தார். பெயரில்லாத ஒரு பெண் கஞ்சி கொடுத்தாள். பத்து ஆண்டுகள் கழித்து அவர் கண்டியில் கொடுத்தது தாம் பெற்றதையே. வைசூரிக்கு அஞ்சாத துணிவு எல்லாருக்கும் கிடைக்காது. ஒரு பானை கஞ்சியை ஒரு வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடும் துணிவு எமக்கும் கிடைத்திருக்கலாம்.

எமது சங்கத்தின் இரண்டாம் நூற்றாண்டுக்காக நாங்கள் பெரிய திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. சங்க உறுப்பினர் எவருடைய வீட்டில் நோய் நுழைந்தாலும், சாவு நுழைந்தாலும், அன்றைக்கே இருவர் போய் வாசலில் நிற்பது. எந்தச் சமயமானாலும், எந்த மொழியானாலும் போவது. ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர்கள் எழுதி, ஒரு பட்டியல் தயாராகியிருக்கிறது. அடிகளாரின் திருநாளாகிய ஜனவரி 16ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வரும்.

பட்டியலில் முதலாவதாகப் பெயர் கொடுத்தவள் அந்தத் தோழியே. மூன்று ஆண்டுகள் சங்கத்துக்கு வராமல் இருந்தவள், கடந்த ஆண்டு நாங்கள் போய் அழைத்தபோது வந்தாள். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் காட்டினோம். முழுவதையும் வாசித்தாள். எதையும் வெட்டச் சொல்லவில்லை. முன்வீட்டு அக்காவுக்கும் மலரில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள் என்றாள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, தானே வாசித்துச் சொல்வதாகவும் கூறினாள்.